சிக்னலும் வேண்டும், ஆளும் இருக்கக் கூடாது

வீடியோ காலில் மனநல டாக்டரைப் பார்ப்பதில் எங்கள் பக்கம் பெரிய சிக்கல் ஃபீஸோ டாக்டரோ இல்லை, உட்கார்ந்து பேச ஓர் இடம். வேதாரண்யத்துக்கும் தலைஞாயிறுக்கும் நடுவில் இருக்கிற ஊர் எங்களுடையது. சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது பஸ் ஸ்டாப், டீக்கடை, ரேஷன் கடை வாசல், மாரியம்மன் கோயில் மேடை. நான்கிலும் எந்நேரமும் ஆள் இருக்கும். ஆள் இல்லாத தென்னந்தோப்புக்குள் போனால் ஒரு கோடு வரும், போகும். வீட்டில் பேசலாமே என்றால், இருப்பது ஒரு ஹால், ஒரு அறை. அம்மாவின் சீரியல் ஒரு பக்கம், மனைவியின் தையல் மிஷின் ஒரு பக்கம். சுவரை ஒட்டி சித்தப்பா வீடு. நான் தும்மினால் அங்கிருந்து "நூறு" என்று சத்தம் வரும். இந்த லட்சணத்தில் "எனக்கு எதுவுமே பிடிக்கல டாக்டர்" என்று எங்கே உட்கார்ந்து சொல்வது?

கடைசியில் இடம் கிடைத்தது. அதற்கு முன்னால் நான் பார்த்த வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது.

குழு லோன் வசூல். கம்பெனி பெயர் வேண்டாம். பத்துப் பதினைந்து பெண்களைச் சேர்த்து ஒரு குழு, ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பு, அதைத்தான் இந்தத் தொழிலில் ஜாமீன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். காலையில் பல் விளக்கிய கையோடு பைக்கை எடுத்தால் முதல் சென்டர், அதாவது குழு கூடிப் பணம் கட்டுகிற கூட்டம், யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையில் நடக்கும். அட்டையை வாங்கி, பணத்தை எண்ணி, கம்பெனி டேப்லெட்டில், அதாவது டேபில், ஏற்றி, அடுத்த ஊர். யார் வரவில்லையோ அவர் வீட்டு வாசலில் மற்ற பெண்கள் போய் நிற்பார்கள், நான் பைக்கில் உட்கார்ந்திருப்பேன். நான் எதுவும் பேச வேண்டியதில்லை, உட்கார்ந்திருந்தாலே போதும். அப்படித்தான் அந்த ஏற்பாடே.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியது எங்கள் தலைமேல்தான். அதில் போன தென்னை உடனே திரும்பி வராது. கன்று வைத்தால் காய் பார்க்க வருடங்கள் ஆகும். அந்த இடைவெளியில் வீட்டுக்கூரை, பிள்ளை படிப்பு, ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் எதில் ஓடின என்று நினைக்கிறீர்கள்? ஒரு குழுவில் வாங்கி இன்னொரு குழுவுக்குக் கட்டுகிற வீடுகள் என் லைனில் ஏராளம். எனக்கும் தெரியும், பிரான்ச் மேனேஜருக்கும் தெரியும், டேபுக்கு மட்டும் தெரியாது.

இதற்கு விதி இல்லாமல் இல்லை. 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நுண்கடன் விதிகளின்படி, காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்காகக் கடன்காரரைப் போனில் கூப்பிடக் கூடாது. பேசிவைத்த இடத்துக்கு அவர் அடுத்தடுத்து இரண்டு தடவை வராமல் போனால்தான் வீட்டுக்கோ வேலை இடத்துக்கோ போகலாம். 2025 ஏப்ரலில் நம் சட்டமன்றமும் வலுக்கட்டாய வசூலுக்கு எதிராக ஒரு மசோதாவை நிறைவேற்றியது. எல்லாம் சரி. வசூலுக்குப் போகிற பையனை ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் ஓ.டி., அதாவது தவணை தவறிய பாக்கிக் கணக்கோடு பெயர் போட்டுத் திட்டக் கூடாது என்று மட்டும் எந்த விதியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு எழுந்ததுமே நெஞ்சில் ஏதோ உட்கார்ந்துகொள்ளும். ராத்திரி இரண்டு மணி வரை தூக்கம் வராது, வந்தால் ஐந்துக்கு அலாரம். மகள் பக்கத்தில் வந்து ஏதாவது கேட்டாலே எரிந்து விழுவேன்.

ஆனால் என்னை உண்மையில் பயமுறுத்தியது தூக்கமோ கோபமோ இல்லை. ஒரு சென்டரில் ஓர் அம்மா தாலிக்குண்டை அடகு வைத்துப் பணம் கொண்டுவந்தார், அதைச் சொல்லி அழவும் செய்தார். நான் கிழிந்த நோட்டு ஏதாவது கலந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து சாப்பிடும்போதுதான் அது நினைவுக்கு வந்தது. வந்தும் ஒன்றும் ஆகவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படி ஒன்றைப் பார்த்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கியதில்லை.

இதைப் பின்னால் டாக்டரிடம் சொன்னபோது, அவர் ஆச்சரியப்படவே இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 11ஆம் பதிப்பில், பர்ன்அவுட்டுக்கு, அதாவது வேலையால் ஓய்ந்துபோவதற்கு, மூன்று அடையாளங்கள் இருக்கின்றன என்றார். சக்தியெல்லாம் வடிந்துபோவது ஒன்று, வேலையில் இருந்து மனசு விலகி எல்லாவற்றையும் கசப்பாகப் பார்ப்பது இன்னொன்று, நாம் செய்வதால் எதுவும் நடக்கப்போவதில்லை என்ற எண்ணம் மூன்றாவது. "நீங்க சொன்ன தாலிக்குண்டு விஷயம் ரெண்டாவது" என்றார். அதே பட்டியல் பர்ன்அவுட்டை நோய் என்று சொல்லவில்லை, வேலையோடு சம்பந்தப்பட்ட ஒரு நிலை என்றுதான் சொல்கிறது என்பதையும் அவர்தான் விளக்கினார். நான் பிறகு கொஞ்சம் தேடிப் படித்தேன். 1974இல் இதைப் பற்றி எழுதிய ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர், நியூயார்க்கில் ஓர் இலவச கிளினிக்கில் தொண்டு செய்துகொண்டிருந்தவர்கள் ஓய்ந்து போவதைப் பார்த்துத்தான் எழுதினாராம். படித்ததும் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அவர்கள் ஊருக்கு நல்லது செய்யப் போய் ஓய்ந்தவர்கள். நான் ஓய்ந்தது வாசலில் பைக்கை நிறுத்தி.

நேரில் போய்ப் பார்க்க வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஒரத்தூரில் நாகப்பட்டினம் மருத்துவக் கல்லூரி 2022இல் வந்துவிட்டது, மனநலப் பிரிவும் இருக்கிறது. போய்வர ஒரு பகல் போகும், அதைக்கூடச் சமாளிக்கலாம். எனக்குத் தூரத்தைவிடக் கண்கள்தான் பிரச்சினை. இந்தத் தாலுகாவில் எந்த ஊரில் இறங்கினாலும் என்னைத் தெரிந்த பெண்கள் நாலு பேராவது இருப்பார்கள். "லோன் சாருக்கு மூளை சரியில்லையாம்" என்று ஒரு சென்டரில் பேச்சு விழுந்தால் சாயங்காலத்துக்குள் வேட்டைக்காரனிருப்பு வரைக்கும் போய்விடும்.

அம்மாவுக்கு இன்னொரு பயம். மனநலம் என்ற வார்த்தையைக் கேட்டதும் அவருக்கு ஏர்வாடிதான் ஞாபகம். 2001 ஆகஸ்டில் சங்கிலியில் கட்டிவைத்திருந்தவர்கள் 28 பேர் தீயில் கருகிப் போனார்களே, அது. டிவியில் பார்த்ததை இன்னும் சொல்வார். அதனால் முதலில் நாகூர் தர்காவில் மந்திரித்த கயிறு என் கைக்கு வந்தது. பிறகு மாமா ஒருவர் திருவிடைமருதூர் போகச் சொன்னார். வரகுண பாண்டியனைப் பிடித்த பிரம்மஹத்தி கிழக்கு வாசலிலேயே நின்றுவிட்டதாம், அதனால் உள்ளே போன வழியாக வெளியே வரக் கூடாது. அதுவும் போனோம். குணசீலம் போய் ஒரு மண்டலம் இருக்கலாம் என்றும் பேச்சு வந்தது. நான் இதையெல்லாம் கிண்டல் செய்ய மாட்டேன். குணசீலத்தில் கோயிலை ஒட்டி உரிமம் வாங்கிய மனநல மறுவாழ்வு மையமே இருக்கிறது. கயிறு இன்னும் கையில்தான் இருக்கிறது. ஆனால் திருவிடைமருதூரில் வேறு வாசல் வழியாக வெளியே வந்தும், அங்கே நின்றுகொண்டே போனை எடுத்து ஓ.டி. லிஸ்ட் பார்த்தேன்.

14416க்குக் கூப்பிட்டது ஒரு நடுராத்திரியில். மத்திய அரசின் டெலி மனாஸ் என்ற மனநல உதவி எண் அது, 2022 அக்டோபர் 10ஆம் தேதி தொடங்கியது, நம் ஊரில் 'நட்புடன் உங்களோடு' என்று விளம்பரம் பார்த்திருப்பீர்கள். 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். எதிர்முனையில் பேசிய பெண் அவசரமே படவில்லை. நான் வேலையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன், அவர் நடுவில் "சாப்ட்டீங்களா?" என்று கேட்டார், அதற்கு மட்டும் எனக்குப் பதில் வரவில்லை, தொண்டை அடைத்துவிட்டது. ஒரு மனநல டாக்டரைப் பார்ப்பது நல்லது, அரசு மருத்துவமனையிலும் பார்க்கலாம், வீடியோவிலும் பார்க்கலாம் என்றார். நண்பன் ஒருவன் மூலமாகத் திருச்சி டாக்டர் ஒருவர் கிடைத்தார். தனியார்தான். போக்குவரத்துச் செலவையும் ஒருநாள் சம்பளப் பிடித்தத்தையும் சேர்த்தால் நேரில் போவதைவிடக் குறைவு.

இடம்? அந்த நண்பனிடம் ஒரு பழைய ஆம்னி வேன் உண்டு. அகஸ்தியம்பள்ளி உப்பளப் பக்கம் ரோட்டோரம் நிறுத்திக் கண்ணாடியை ஏற்றிவிட்டால் சிக்னல் நாலு கோடு. உப்பளத்தில் விடியற்காலையில்தான் வேலை, வெயில் ஏறினால் மனித நடமாட்டம் குறைந்துவிடும். கண்ணாடியை இறக்கினால் கச்சான் காற்றில் டாக்டருக்கு ஒரு வார்த்தை கேட்காது, ஏற்றினால் உள்ளே நான் வெந்துபோவேன். வெந்துகொண்டுதான் பேசினேன். இரண்டாவது தடவையே ஊரில் செய்தி பரவிவிட்டது: அவன் வேனுக்குள் உட்கார்ந்து யாரோ ஒரு பெண்ணோடு வீடியோவில் பேசுகிறான். ஒருவகையில் உண்மைதான். என் மனைவியிடமே வந்து ஒரு அக்கா ஜாடையாகச் சொல்லியிருக்கிறார். இவள், "ஆமாக்கா, ஃபீஸ் கூட நான்தான் அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டு மிஷினை மிதித்திருக்கிறாள்.

டாக்டர் முதலில் கேட்டது என் கஷ்டத்தை இல்லை. "இப்ப சரியா எந்த இடத்துல இருக்கீங்க? பக்கத்துல யார் இருக்காங்க? அவசரம்னா நான் யாருக்குப் போன் பண்ணட்டும்?" என்றார். மனைவி நம்பரைக் கொடுத்தேன். லைன் கட்டானால் அவரே சாதாரணக் காலில் கூப்பிடுவார், பதிவு எதுவும் செய்யவில்லை, நானும் செய்யக் கூடாது. பிறகு போனைத் தள்ளி வைக்கச் சொன்னார். அதுவரைக்கும் அவருக்குத் தெரிந்தது என் மூக்கும் தாடையும்தான். கை தெரிய வேண்டும், உட்காருகிற விதம் தெரிய வேண்டும் என்றார், டேஷ்போர்டில் தண்ணீர் பாட்டிலுக்குச் சாய்த்து வைத்தேன். கையை நீட்டிக் காட்டச் சொன்னார். தைராய்டு, ஹீமோகுளோபின், பி12, சர்க்கரை எல்லாம் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார், தைராய்டு குறைந்தாலும் ஆள் இப்படித்தான் சோர்ந்து கிடப்பானாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர் பார்த்து அனுப்பச் சொன்னார். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்வி கொண்ட, மனச்சோர்வை அளக்கிற ஒரு படிவம், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பரீட்சையில் நான் எதிர்பார்க்காமல் நல்ல மார்க் வாங்கியது இதில்தான்.

அந்த ஒன்பதாவது கேள்வி செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்பது. அதை அவர் வாயால் கேட்டுக்கொண்டிருக்கும்போதே படம் உறைந்துவிட்டது. "சாகணும்னு" என்ற இடத்தில் வாய் திறந்தபடி டாக்டர் முகம் நிற்கிறது, நான் வேனுக்குள் வேர்த்து ஒழுக உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அரை நிமிடத்துக்குள் போன் அடித்தது. வீடியோவில் என்றால் "இல்லை" என்று தலையாட்டி முடித்திருப்பேனோ என்னவோ. காதில் குரல் மட்டும் கேட்டபோது சொல்லிவிட்டேன்: சாகணும் என்றெல்லாம் இல்லை, ஆனால் ஈ.சி.ஆரில் போகும்போது ஏதாவது வண்டி லேசாக இடித்துக் காலை உடைத்தால் ஒரு மாசம் ஆஸ்பத்திரியில் படுக்கலாமே என்று அடிக்கடி தோன்றும். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "இது வெறும் வேலை அலுப்பு மட்டும் இல்லை தம்பி" என்றார். வேலையை விட்டுத் தள்ளி இருக்கும்போதும் மகளோடு விளையாடப் பிடிக்கவில்லை, கிரிக்கெட் பிடிக்கவில்லை என்று நான் சொன்னதை வைத்து, பர்ன்அவுட் மேலே மனச்சோர்வும் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று புரியவைத்தார். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது, மனச்சோர்வுக்கு மாத்திரை உண்டு, வாட்ஸ்அப் குழுவுக்கு மாத்திரை கிடையாது.

தூக்க மாத்திரை கேட்டுப் பார்த்தேன். அல்பிரசோலம் மாதிரி சிலவற்றை வீடியோ வழியாக எழுதக் கூடாதாம். 2020 மார்ச் 25ஆம் தேதி வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறையில், 1985 போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிற மருந்துகளுக்குத் தடை. மனச்சோர்வுக்கு எஸ்சிட்டாலோபிராம் என்ற மாத்திரை எழுதினார். வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் ஆகும், முதல் வாரம் குமட்டும், பயந்து நிறுத்தாதீர்கள் என்று முன்கூட்டியே சொன்னதால் குமட்டியபோது சரி, மருந்து உள்ளே போயிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். சீட்டு போனில் வரும், அதில் டாக்டரின் பதிவு எண் இருந்தால் செல்லும். மெடிக்கலில் ஒருமுறை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாருக்கு?" என்று கேட்டிருக்கிறார்கள். வாங்கப் போனது மனைவி. "எங்க வீட்டுக்காரருக்குத்தான்" என்று, கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லியிருக்கிறாள். நான் அத்தனை பாடுபட்டு உப்பளத்தில் ஒளிந்து காப்பாற்றிய ரகசியம் அன்றோடு முடிந்தது. ஒன்றும் ஆகவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த மெடிக்கல்காரர் பிறகு ஒருநாள் தனியாகக் கூப்பிட்டு, தன் மச்சானுக்காக டாக்டர் நம்பர் கேட்டார்.

திரை வழியாக வைத்தியம் என்பது நம் பக்கத்துக்குப் புதிது என்று நினைத்திருந்தேன், அதுவும் இல்லை. பக்கத்துப் புதுக்கோட்டையில் சென்னையின் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு 2010களிலேயே ஒரு பஸ்ஸுக்குள் திரையும் மருந்தும் வைத்து ஊர் ஊராகப் போயிருக்கிறது. கொரோனா வந்த பிறகுதான் அது ஆளாளுக்குக் கையில் இருக்கிற போனுக்கு வந்து சேர்ந்தது.

மாத்திரையோடு உளவியல் ஆலோசகர் ஒருவரிடமும் பேசினேன். அவர் கொடுத்த வீட்டுப்பாடமெல்லாம் சின்னச் சின்னது. சாயங்காலம் 6 மணிக்கு மேல் அலுவலகக் குழுவைத் திறக்காதே. தூங்கினதை எழுது. ஒரு நாளில் வேலை சம்பந்தமில்லாத ஒருவரோடு பத்து நிமிடம் பேசு. கடைசி ஒன்றுதான் கஷ்டமாக இருந்தது. என் லைனில் வேலை சம்பந்தமில்லாத ஆளே கிடையாது.

டாக்டர் லீவு எடுக்கச் சொல்லிச் சான்றிதழ் கொடுத்தார். கம்பெனி எச்.ஆர். அதை ஏற்கவில்லை. வீடியோவில் பார்த்ததற்கெல்லாம் லீவு தர முடியாது, நேரில் பார்த்த டாக்டரிடம் வாங்கி வா. வசூல் கணக்கை வீடியோ மீட்டிங்கில் கேட்பார்கள், டார்கெட்டை வீடியோவில் ஏற்றுவார்கள், நோய் மட்டும் நேரில் வர வேண்டுமாம்.

அப்படித்தான் நான் எந்த வரிசைக்குப் பயந்தேனோ அதில் போய் நின்றேன், ஒரத்தூரில். ஓ.பி. சீட்டு வாங்கி உட்கார்ந்தால், எதிர் பெஞ்சில் என் சென்டர் தலைவி ஒருவர். அவர் முகம் வெளுத்துப்போனது. எழுந்து இரண்டடி வந்து, "சார், இங்கயுமா வந்துட்டீங்க? இந்த வாரம் டியூ கட்டிட்டேனே" என்றார்.

என் கையில் இருந்த ஓ.பி. சீட்டைக் காட்டினேன். எனக்கும்தான் பார்க்க வந்திருக்கிறேன் என்று சொன்னேன். அவர் நம்புவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு பக்கத்தில் உட்கார்ந்தார். தூக்கம் இல்லையாம், ஏழெட்டு மாசமாக மருந்து வாங்குகிறாராம். மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் முறை வைத்து வருவார், ஆனால் அங்கே தெரிந்தவர்கள் இருப்பார்கள் என்றுதான் இவ்வளவு தூரம் வந்ததாகச் சொன்னார். தெரிந்தவர்கள் என்றால் யார், நான்தான். ஒரு பாக்கெட் பிஸ்கட்டைப் பிரித்து எனக்கும் கொடுத்தார். லோனைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. என் பெயரைக் கூப்பிட்டபோது, "போயிட்டு வாங்க தம்பி" என்றார். அத்தனை வருடத்தில் அவர் என்னை சார் என்று சொல்லாதது அப்போதுதான்.

லீவு கிடைத்தது, முடிந்தது, திரும்பப் போய் ஒரு மாதம் பார்த்தேன், விட்டுவிட்டேன். டாக்டர் விடச் சொல்லவில்லை, மாத்திரை கொஞ்சம் வேலை செய்து தலை தெளிந்த பிறகு முடிவெடுங்கள் என்றுதான் சொன்னார். அது நல்ல யோசனை. தெளியாத நிலையில் எடுத்திருந்தால் வீட்டில் பெரிய சண்டை ஆகியிருக்கும். இப்போது ஆற்காட்டுத்துறை பக்கம் ஓர் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் குறைவு, மனைவியின் மிஷின் கூடுதலாக ஓடுகிறது, அதில் எனக்குக் குற்ற உணர்ச்சி இல்லாமல் இல்லை. வீடியோ வைத்தியத்தால் எல்லாம் சரியாகிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என் லைனில் இப்போது வேறு ஒரு பையன் போகிறான், இன்னும் கல்யாணம் ஆகாதவன், காலையில் என்னைத் தாண்டித்தான் அவன் பைக் போகும். அவனிடம் 14416 நம்பரைக் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே வாங்கி சேவ் செய்துகொண்டான்.

மாத்திரை அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டிருக்கிறோம், டாக்டர் சொன்ன கணக்கில். வேன் இப்போது தேவையில்லை, வீட்டிலேயே பேசுகிறேன், சித்தப்பா வீட்டுக்குக் கேட்டால் கேட்கட்டும். போன தடவை பேசிக்கொண்டிருக்கும்போது அம்மா சீரியலை நிறுத்திவிட்டு வந்து திரைக்குள் எட்டிப் பார்த்தார். "அம்மாடி, முட்டிவலிக்கும் நீங்க பாப்பீங்களா?" என்று கேட்டார். டாக்டர் சிரித்துவிட்டு, முட்டிக்கு எலும்பு டாக்டரிடம்தான் போகணும்மா, ராத்திரி தூக்கம் எப்படி இருக்கு என்று திருப்பிக் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், அப்புறம் எங்கள் இரண்டு பேரையும் வெளியே போகச் சொன்னார்.